ஒரே புதரில் இரண்டு வயது

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வில்லாமெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஜூலை மாதம் பிளாக்பெர்ரி பழுக்கும் காலம். கொல்லையில் நான்கே செடி வைத்திருப்பவர்கள்கூடக் காலையில் வாளியோடு இறங்கிவிடுவார்கள். அந்தச் சமயத்தில் ஒரு செடியை நிதானமாகப் பார்த்தால் விசித்திரமான ஒன்று கண்ணில் படும். ஒரே தூரிலிருந்து கிளம்பிய தண்டுகளில் பாதி, பழம் குலுங்கக் குலுங்க நிற்கும்போதே இலை வெளுத்து வாடத் தொடங்கியிருக்கும். மீதிப் பாதி பச்சைப்பசேலென்று, கட்டைவிரல் பருமனில், ஒரு பூகூட இல்லாமல் தரையோடு ஓடிக்கொண்டிருக்கும். பழம் தாங்கிய கிளைகளில் ஒவ்வோர் இலையும் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். பச்சைத் தண்டில் ஐந்தாகப் பிரிந்திருக்கும். இரண்டு வேறு செடிகளை ஒரே குழியில் நட்டுவிட்டார்களோ என்று புதிதாகப் பார்ப்பவர்கள் சந்தேகப்படுவார்கள்.

செடி ஒன்றுதான், தண்டுகளுக்கு வயதுதான் வேறு. பிளாக்பெர்ரியின் வேரும் தூரும் பல்லாண்டு வாழும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுகளுக்கு மேலும் பலன் தரும். ஆனால் மண்ணுக்கு மேலே எழும் எந்தத் தண்டுக்கும் ஆயுள் இரண்டே ஆண்டுகள். முதலாம் ஆண்டில் வளரும். இரண்டாம் ஆண்டில் பூத்து, காய்த்து, மடியும். அது மடிவதற்கு முன்பே அடுத்த தலைமுறை பக்கத்தில் நீண்டுவிடும். ஆகவே, நட்ட இரண்டாம் கோடையிலிருந்து அந்தப் புதரில் எப்போதும் இரண்டு வயதுத் தண்டுகள் கலந்தே இருக்கும்.

பிளாக்பெர்ரிக்குத் தூண் நட்டுக் கம்பி இழுப்பதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. பழத்தின் பாரத்தைத் தாங்குவது அதில் பாதி வேலைதான். காய்க்கும் தலைமுறையையும் வளரும் தலைமுறையையும் ஒன்றோடொன்று சிக்கவிடாமல் பிரித்துவைப்பது மறுபாதி.

தண்டின் இரண்டு கோடைகள்

வசந்தத்தில் தூரிலிருந்து முளைக்கும் புதுத் தண்டுக்கு அந்த ஆண்டு முழுக்க ஒரே வேலை, நீள்வது. படரும் இரகங்களில் அது 15 முதல் 20 அடி வரைகூட ஓடும். ஓடிக்கொண்டே வெயிலை வாங்கிச் சத்தாக மாற்றி வேருக்கு அனுப்பும். இலையுதிர்காலத்தில் பகல் குறுகிக் குளிர் ஏறத் தொடங்கியதும், ஒவ்வோர் இலைக் கக்கத்திலும் இருக்கும் மொட்டுக்குள்ளே பூவின் கரு உருவாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பிறகு செடி உறங்கிவிடும்.

அந்த உறக்கம் கலைவதற்குக் குளிர் வேண்டும். ஏறக்குறைய 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில், இரகத்துக்கு ஏற்ப 300 முதல் 900 மணி நேரம் செடி இருந்தாக வேண்டும். அந்தக் கணக்கு நிறைந்து, அதன் பிறகு வெப்பமும் திரும்பினால்தான் கணுவுக்குக் கணு பக்கக்கிளை வெடிக்கும். பக்கக்கிளையின் நுனியில் பூங்கொத்து விரியும். பழம் முடிந்ததும், தண்டு தன்னிடம் மிஞ்சிய சத்தில் ஒரு பகுதியைத் தூருக்கு அனுப்பிவிட்டுக் காய்ந்துபோகும்.

புதிதாக வளர்ப்பவர்கள் அதிகம் செய்கிற தவறு எது என்பது இதிலிருந்தே விளங்கும். குளிர்காலத்தில் புதர் பார்ப்பதற்கு அலங்கோலமாகக் கிடக்கிறதே என்று எல்லாத் தண்டுகளையும் தரைமட்டத்தில் வெட்டிவிடுவார்கள். வசந்தத்தில் செடி செழிப்பாகத் தழைத்து வரும், ஆனால் ஒரு பழம்கூட வராது. அடுத்த கோடையில் காய்க்க வேண்டிய தண்டு முழுவதும் அந்த வெட்டிலேயே போயிருக்கும்.

இந்த இரண்டாண்டுக் கணக்கை மாற்றவும் தாவர வளர்ப்பாளர்கள் வழி கண்டிருக்கிறார்கள். ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மூர் 1964இல் தொடங்கிய பிளாக்பெர்ரி இனவிருத்தித் திட்டத்திலிருந்து 2004இல் ‘பிரைம்-ஜிம்’, ‘பிரைம்-ஜேன்’ என்று இரண்டு இரகங்கள் வெளிவந்தன. இவற்றின் தண்டு முதலாம் ஆண்டிலேயே நுனியில் பூக்கும். முழுவதையும் தரையோடு வெட்டினாலும் அந்த ஆண்டே பழம் கிடைக்கும். ஆனால் பூக்கும் சமயத்தில் கடும் வெயில் அடித்தால் காய்ப்பிடிப்பு குறைந்துவிடும் என்பது இவற்றின் பலவீனம்.

ஏறத் தெரியாத கொடி

பிளாக்பெர்ரி 20 அடி நீண்டாலும் அவரைபோல் கொம்பைச் சுற்றத் தெரியாது; பாகல்போல் பற்றுக்கம்பியும் கிடையாது. கொடிகளின் அசைவைப் பற்றி 1865இல் விரிவாக எழுதிய சார்லஸ் டார்வின், கொக்கியால் ஏறும் தாவரங்களைத் தனி வகையாகப் பிரித்தார். ரூபஸ் பேரினத்தைச் சேர்ந்த ஒரு கொடியை அதற்கு உதாரணமாகவும் சொன்னார். பிளாக்பெர்ரியும் ரூபஸ்தான். மிதவெப்ப நாடுகளில், ஏறும் கலையில் மிகவும் பின்தங்கியவை இந்தக் கொக்கி வகைகளே என்பது அவர் கணிப்பு. பக்கத்தில் அடர்ந்த புதர் இருந்தால் மட்டுமே இவற்றால் மேலே போக முடியும்.

அந்தக் கொக்கியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். தண்டில் மட்டுமின்றி இலைக்காம்பிலும், இலையின் அடிப்பக்க நடுநரம்பிலும் வரிசையாக முள் இருக்கும். பல இரகங்களில் முள்ளின் கூர் பின்பக்கமாக, தூரை நோக்கி வளைந்திருக்கும். தூண்டில் முள் இயங்கும் விதத்தில்தான் இதுவும் இயங்குகிறது: முன்னே போவதைத் தடுக்காது, பின்வாங்குவதை விடாது. புதருக்குள் கை நுழையும்போது ஒன்றும் ஆகாது. கையை இழுக்கும்போதுதான் சட்டை கிழியும். தண்டுக்கும் அதே விதிதான். காற்றில் ஆடும் தண்டு பக்கத்துக் கிளைமேல் விழுந்தால் வழுக்கிக் கீழே வராது. விழுந்த இடத்திலேயே மாட்டிக்கொண்டு அங்கிருந்து மேலும் நீளும்.

மாட்டிக்கொள்ள எதுவும் இல்லாவிட்டால் தண்டு வில்லாக வளைந்து தரையைத் தொடும். அப்போது செடியின் இன்னொரு திறமை வெளிப்படும். கோடை முடிவில் தண்டின் நுனி மெலிந்து, இலைகள் சிறுத்து, மண்ணைத் தேடித் துளைக்கும். மண்ணுக்குள் போன நுனி வேர்விட்டு, வசந்தத்தில் தனிச் செடியாக எழும். தோட்டக்காரர்கள் இதையே பதியம் போடுவதற்குப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். நுனியை 3, 4 அங்குல ஆழத்தில் புதைத்துவைத்தால் அடுத்த ஆண்டு இலவசமாக ஒரு கன்று. ஆனால் கவனிக்காமல் விட்ட கொல்லையில், ஒரு செடி ஆண்டுதோறும் 10, 15 அடி தாவித் தாவி நகர்ந்துகொண்டே போகும்.

அப்படி நகர்ந்ததன் கதையை அமெரிக்காவின் மேற்குக் கரை முழுவதும் பார்க்கலாம். கலிபோர்னியாவின் புகழ்பெற்ற தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க், இந்தியாவிலிருந்து வந்த விதை என்று நம்பி ஒரு பிளாக்பெர்ரியை வளர்த்து, 1885இல் ‘ஹிமாலயா ஜயன்ட்’ என்ற பெயரில் அறிமுகம் செய்தார். அதன் பூர்வீகம் ஆர்மீனியாவும் வட ஈரானும் என்று தாவரவியலாளர்கள் பிற்பாடு கண்டறிந்தார்கள். பெரிய பழம், அமோக விளைச்சல். எல்லோரும் ஆசையோடு நட்டார்கள். இன்று ஓரிகனிலும் வாஷிங்டனிலும் சாலையோரம், ஓடைக்கரை, கைவிட்ட வயல் என எங்கும் முள்மதிலாக நிற்பது அந்தச் செடிதான். அதை அழிக்க அரசும் நில உரிமையாளர்களும் ஆண்டுதோறும் போராடுகிறார்கள்.

அதே செடியின் இரத்தம் ஒரு நல்ல இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் ஜார்ஜ் வால்டோ 1945இல் ‘சேஹேலம்’, ‘ஓலாலி’ என்ற இரண்டு இரகங்களைக் கலந்து ஒரு புது இரகத்தை உருவாக்கினார். சேஹேலத்தின் பெற்றோரில் ஒன்று பர்பாங்கின் ஹிமாலயா. புது இரகம் ஓரிகனின் மேரியன் மாவட்டத்தில் சோதிக்கப்பட்டு, 1956இல் ‘மேரியன்’ என்ற பெயரில் வெளிவந்தது. அந்த மாநிலத்து மக்கள் தங்கள் சொந்தப் பழமாகக் கொண்டாடும் மேரியன்பெர்ரி இதுதான்.

தூணும் கம்பியும்

வளரும் விதத்தை வைத்துத் தோட்டத்து பிளாக்பெர்ரிகளை மூன்றாகப் பிரிப்பார்கள்: படர்வன, பாதி நிமிர்ந்தன, நிமிர்ந்து நிற்பன. எந்த வகை என்று தெரியாமல் தூண் நட்டால் உழைப்பு வீண்.

மேரியன் படரும் வகை. இதற்கு நம் ஊர்ப் பந்தலைப்போல் தலைக்கு மேல் விரிக்க வேண்டியதில்லை. வேலியாக நிறுத்தினால் போதும். வரிசையின் இரு முனையிலும் உறுதியான தூண், தரைக்கு மேல் 6 அடி. மேல் கம்பி ஐந்தரை அல்லது 6 அடி உயரத்தில். அதற்கு ஒன்றரை அடி கீழே இன்னொரு கம்பி. செடிக்குச் செடி 5, 6 அடி இடைவெளி. கோடையில் பழுத்த தண்டுகள் கம்பியின் மேல் இருக்கும். புதிதாக வருபவற்றை மேலே ஏற்றாமல், வரிசைக்கு அடியிலேயே தரையோரமாக ஒதுக்கிப் படுக்கவைத்துவிட வேண்டும். பழம் பறிப்பவர் காலில் மிதிபடாமல் இருந்தால் சரி.

அறுவடை முடிந்ததும் காய்த்த தண்டுகளை அடியோடு வெட்டி அகற்ற வேண்டும். கம்பி காலியாகிவிடும். இப்போது புதுத் தண்டுகளை இரண்டு கற்றையாகப் பிரித்து, ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் மேல் கம்பியின்மீது சாய்த்து, வளைத்துக் கீழ்க் கம்பிக்கு இறக்கி, தூரை நோக்கித் திரும்பக் கொண்டுவந்து கட்ட வேண்டும். ஓரிகனில் இதை ஆகஸ்டு மாதமே செய்வார்கள், அல்லது பிப்ரவரி வரை காத்திருப்பார்கள். ஆகஸ்டில் ஏற்றிவிட்டால் தண்டுக்கு இலையுதிர்கால வெயில் முழுதாகக் கிடைத்து, பொதுவாக விளைச்சல் கூடும். கடுங்குளிர் வரும் இடங்களில் ஆபத்தும் கூடும்; உயரத்தில் நிற்கும் தண்டு உறைபனியில் அடிபடும். தரையில் கிடக்கும் தண்டுக்குச் சற்றுப் பாதுகாப்பு உண்டு.

ஓரிகன் விவசாயிகள் இந்த இரண்டு வயதையும் இன்னும் துணிச்சலாகப் பிரிக்கிறார்கள். தோட்டத்தின் ஒரு பாதியில் அறுவடைக்குப் பிறகு எல்லாத் தண்டுகளையும் வெட்டிவிட்டு, அடுத்த ஆண்டு முழுவதும் புதுத் தண்டு மட்டுமே வளர விடுவார்கள். அந்த ஆண்டில் மறுபாதி காய்க்கும். வெட்டும் வேலை எளிது, பூஞ்சை நோய் குறைவு. மொத்த விளைச்சல் கொஞ்சம் குறைந்தாலும் செலவு மிச்சமாவதால் பலர் இதை விரும்புகிறார்கள். வீட்டில் இரண்டு வரிசை வைத்திருப்பவர்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

ஆர்கன்சாவின் ‘நவஹோ’, ‘வாஷிட்டா’ போன்ற நிமிர்ந்த இரகங்களுக்குக் கம்பியைவிடக் கத்தரிக்கோலே முக்கியமான தாங்கி. புதுத் தண்டு 3, 4 அடி உயரம் வந்ததும் கோடையிலேயே நுனியைச் சில அங்குலம் கிள்ளிவிட வேண்டும். வளரும் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கிவைத்திருக்கும். நுனி போனால் அந்தக் கட்டு தளர்ந்து பக்கக்கிளைகள் கிளம்பும். தண்டு குட்டையாக, கெட்டியாக, தன் காலில் நிற்கும். குளிர்காலக் கவாத்தில் அந்தப் பக்கக்கிளைகளை ஒன்று, ஒன்றரை அடிக்குக் குறைத்துவிட்டால் பழம் எண்ணிக்கையில் குறைந்தாலும் பருக்கும். ‘டிரிபிள் கிரவுன்’, ‘செஸ்டர்’ போன்ற பாதி நிமிர்ந்த இரகங்களுக்குக் கிள்ளலும் வேண்டும், கம்பியும் வேண்டும்.

தாங்கியை வைத்து எவ்வளவு நுட்பமாக விளையாடலாம் என்பதற்கு மேற்கு வர்ஜீனியாவில், கியர்னீஸ்வில் நகரிலுள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வு நிலையத்தில் ஃபூமியோமி தகேதா செய்த வேலை நல்ல சான்று. அங்கே தண்டுகளைத் தாங்கிச் சட்டத்தின் திருப்பக்கூடிய ஒரு கையில் கட்டுகிறார்கள். பூக்கும் காலத்தில் கை படுக்கைவாட்டில் இருக்கும். பூங்கிளைகளெல்லாம் வெளிச்சத்தை நாடி மேல்நோக்கி வளரும். பூத்து முடிந்ததும் கையை நிமிர்த்தி, செங்குத்தையும் தாண்டிச் சற்று மறுபக்கம் சாய்ப்பார்கள். பழக்கிளைகள் முழுவதும் ஒரே பக்கத்தில், நிழல் விழும் பக்கத்தில் வந்து நிற்கும். பறிப்பதும் சுலபம், வெயிலில் வெந்து வெளுக்கும் பழமும் குறைவு. குளிர்காலத்தில் அதே கையைத் தரையோடு தாழ்த்திப் போர்த்திவிடலாம்.

முள் எங்கிருந்து வருகிறது?

எலுமிச்சை முள் ஒரு கிளையின் மாற்றுருவம். உள்ளே கட்டைத் திசு ஓடும். பிளாக்பெர்ரி முள் தண்டின் தோலிலிருந்து புடைத்தெழுவது. பக்கவாட்டில் அழுத்தினால் பட்டென்று பெயர்ந்துவிடும். இந்தச் சிறிய வேறுபாட்டால் விந்தையான ஒரு செடி உருவானது.

ஓரிகனில் வெகுகாலம் பயிரான ‘முள்ளில்லா எவர்கிரீன்’ இரகத்தின் தண்டைத் தடவினால் வழவழவென்று இருக்கும். ஆனால் களை கொத்தும்போது வேரில் காயம் பட்டு, அந்த இடத்திலிருந்து கன்று முளைத்தால், அது உடம்பெல்லாம் முள்ளோடு வரும். காரணம், அந்தச் செடியின் வெளித்தோல் மட்டும்தான் மரபு மாற்றத்தால் முள்ளை இழந்தது. உள்ளேயுள்ள திசுக்கள் பழைய முள் இனத்தவையே. வேரிலிருந்து வரும் கன்று உள்திசுவிலிருந்து பிறக்கிறது. அதனால் முள்ளோடு பிறக்கிறது. ஒரே உடலில் இரண்டு மரபு கொண்ட இப்படிப்பட்ட உயிரைக் கைமெரா என்பார்கள். இந்த இரகத்தை வைத்திருப்பவர்கள் நுனிப் பதியம் போட்டுத்தான் பெருக்க வேண்டும். தூரைச் சுற்றி ஆழமாகக் கொத்தவும் கூடாது. இப்போது கிடைக்கும் ‘நவஹோ’, ‘டிரிபிள் கிரவுன்’ போன்றவற்றில் முள்ளின்மை எல்லாத் திசுவிலும் இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

ஒரு பூ, பல பழம்

பெயரில் பெர்ரி இருந்தாலும் தாவரவியல் கணக்கில் இது பெர்ரி ஆகாது. தக்காளியும் திராட்சையும்தான் அந்தக் கணக்கில் பெர்ரி. பிளாக்பெர்ரிப் பூ ஐந்து இதழ் கொண்டது. அதன் நடுவே மேடாக எழும் பூத்தளத்தில் பல பத்துச் சூலகங்கள் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே கருவுற்று, தனித்தனிக் குமிழாகத் திரளும். குமிழுக்குள் மாம்பழத்தில் இருப்பதைப்போன்றே தோல், சதை, கொட்டை மூன்றும் சிறிய அளவில் உண்டு. அத்தனை குட்டிப் பழங்களும் ஒட்டிச் சேர்ந்த திரள்கனியைத்தான் நாம் ஒரு பழம் என்று வாயில் போடுகிறோம். ஒரு பழத்தை எடுத்து உற்றுப் பார்த்தால், சில குமிழ்கள் வராமல் பள்ளம் விழுந்திருக்கலாம். பெரும்பாலும் அந்தச் சூலகங்களுக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை என்று பொருள். பெரும்பாலான இரகங்கள் தம் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனாலும் எல்லாச் சூலகமும் கருவுறத் தேனீ வேண்டும். பூக்காலத்தில் பூச்சிமருந்து தெளிப்பவர்கள் தங்கள் பழத்தைத் தாங்களே ஓட்டையாக்கிக்கொள்கிறார்கள்.

பழுப்பதைக் கண்டுகொள்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பச்சை, சிவப்பு, பிறகு ஆந்தோசயனின் என்னும் நிறமி நிறைந்து கறுப்பு. பளபளக்கும் கறுப்பில் புளிப்பு இன்னும் தீராது. பளபளப்பு மங்கி, தொட்டால் மெத்தென்று, மெல்ல இழுத்ததும் கையோடு வருவதுதான் முழுப் பழம். பறித்த பிறகு இனிப்பு ஏறாது என்பதால் அவசரம் கூடாது. அதற்காக நாள்கணக்கில் விடவும் கூடாது. ‘டிரோசோஃபிலா சுசூக்கி’ என்ற கிழக்காசியப் பழ ஈ 2008இல் கலிபோர்னியாவில் தென்பட்டு, அடுத்த ஆண்டே ஓரிகனுக்கு வந்துவிட்டது. சாதாரணப் பழ ஈ அழுகிய பழத்தில்தான் முட்டையிடும். இதன் பெண்ணுக்கு ரம்பப் பற்கள் கொண்ட முட்டையிடும் உறுப்பு இருப்பதால், செடியில் பழுத்துக்கொண்டிருக்கும் நல்ல பழத்தையே அறுத்து உள்ளே முட்டையிட்டுவிடும். நெருங்கிய, ஈரமான, நிழலடர்ந்த புதரே அதற்குப் பிடித்த இடம். காற்றும் வெளிச்சமும் புகும்படி தண்டுகளைப் பிரித்துக் கட்டி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்து, உடனே குளிர்பெட்டியில் வைப்பதுதான் வீட்டுத் தோட்டக்காரரின் முதல் தற்காப்பு.

இங்கிலாந்தின் கிராமத்தார், செப்டம்பர் 29இல் வரும் புனித மிக்கேல் திருநாளுக்குப் பிறகு பிளாக்பெர்ரி தின்னக்கூடாது, சாத்தான் அதன்மேல் துப்பிவிடுவான் என்பார்கள். இலையுதிர்கால ஈரத்தில் பழத்தின்மேல் சாம்பல் பூஞ்சை படர்வதை அவர்கள் நன்றாகவே கவனித்திருந்தார்கள்.

நம் மலைகளில்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சோலை ஓரங்களில் ரூபஸ் இனங்கள் காட்டில் தாமாகவே வளர்கின்றன. மஞ்சள் பழம் தரும் ரூபஸ் எலிப்டிகஸ், வெண்பூச்சுப் படிந்த தண்டும் கருஞ்சிவப்புப் பழமும் கொண்ட ரூபஸ் நிவியஸ் ஆகியவை அவற்றில் சில. இவை ராஸ்பெர்ரிப் பிரிவைச் சேர்ந்தவை. கண்டுபிடிப்பது எளிது: பறித்த பழத்தின் அடியைப் பாருங்கள். பூத்தளம் செடியிலேயே தங்கி, பழம் உட்குழிவாக வந்தால் ராஸ்பெர்ரி வகை. பூத்தளத்தோடு சேர்ந்து நடு நிறைந்து வந்தால் பிளாக்பெர்ரி வகை. நம் மலையில் சாதுவாக இருக்கும் இந்த இரண்டும் வெளியூர் போனால் வேறு முகம் காட்டுகின்றன. உலகின் மோசமான 100 ஊடுருவும் இனங்களின் பட்டியலில் எலிப்டிகஸ் இருக்கிறது. நிவியஸ் காலபகோஸ் தீவுகளின் பூர்வீகக் காட்டை மூடிக்கொண்டிருக்கிறது.

சமவெளியில், சென்னையிலோ மதுரையிலோ மாடியில் பிளாக்பெர்ரி வைக்கலாமா என்றால், இலை வரும், பழத்தை எதிர்பார்க்க முடியாது. செடியின் உறக்கத்தைக் கலைக்கத் தேவையான குளிர் அங்கே இல்லை.

குளிர் உள்ள ஊரில் இருப்பவர்கள் தயங்காமல் நடலாம். நீர் தேங்காத, சற்றே அமிலத்தன்மை கொண்ட மண், கார அமிலக் குறியீடு 5.5 முதல் 6.5 வரை, நாளெல்லாம் வெயில், வாரம் ஓர் அங்குல நீர், பழம் திரளும்போது கூடுதலாக. தக்காளி, உருளை, கத்தரி, மிளகாய் அண்மையில் இருந்த பாத்தியைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றைத் தாக்கும் வாடல் பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் தங்கி இதையும் பிடிக்கும். கன்று வாங்குவதற்கு முன்பே தூணை நட்டுவிடுங்கள். காய்த்த தண்டை அந்தக் கோடையிலேயே வெட்டுங்கள், காய்க்காத தண்டைக் காப்பாற்றுங்கள், எந்த நுனியையும் மண்ணில் வேர்விட விடாதீர்கள். வெட்டியதை ஓடைக்கரையிலோ காட்டோரத்திலோ வீசுவது மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தச் செடிக்கு வேலி போட்டு வளர்ப்பவரின் பொறுப்பு தன் கொல்லையோடு முடிவதில்லை.